செய்திமடலா? முதலில் அந்தப் பதிவேட்டை மூடுங்கள்

போன மாதம் குமுளிக்குப் போயிருந்தேன். ஏலக்காய் விவசாயிகள் சங்கம் ஒன்று மின்னஞ்சலில் செய்திமடல் தொடங்குகிறது. ஒரு பார்வை பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கணினி முன்னால் இருந்த தம்பி விருந்தினர் பதிவேட்டைப் பிரித்துவைத்து, முகவரிகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சாரல் பட்டு மை கலைந்த பக்கங்கள். ‘ஜிமெயில்.கோ’ என்று பாதியில் நின்றதைக்கூட விடவில்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுத்துப்பிழை, தேதிப்பிழையையெல்லாம் அடுத்த மடலில் திருத்திவிடலாம். இது திருந்தாது.

கேட்காமல் சேர்த்த முகவரி

பல வருடங்களுக்கு முன் கம்பத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்கு மடல் தயாரித்தேன். கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள், பழைய பில் புத்தகம், யாரோ பென் டிரைவில் கொடுத்த பட்டியல் என எல்லாவற்றையும் கொட்டி இரண்டாயிரம் பேரைச் சேர்த்தேன். பாதி மடல்கள் திரும்பி வந்தன. கிடைத்தவர்களில் பலர் ‘ஸ்பேம்’, அதாவது வேண்டாத மடல் என்று அழுத்தினார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மடல் போன அதே டொமைனிலிருந்துதான், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரிலிருந்துதான், விலைப்பட்டியலும் போகும். கெட்ட பெயர் ஒட்டியது டொமைனுக்கு. சென்னையிலிருந்து வழக்கமாக வாங்குபவர் விலை கேட்டிருந்தார். அன்று மாலையே அனுப்பினோம். அது அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. நான்கு நாள் பார்த்துவிட்டு, போடியில் வேறொருவரிடம் சரக்கு எடுத்துவிட்டார். முதலாளி என்னைத் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இப்போது கெடுபிடி அதிகம். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்றையும் அமைத்திருக்க வேண்டும்; மடல் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் ஏற்பாடுகள் இவை. ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் சலித்துக்கொண்டால் போதும், தொட்டுவிடும். சின்னச் சங்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள். புகார் சிறியவரையும் விடாது.

“கேட்டுச் சேர்த்தால் நாற்பது பேர்கூடத் தேற மாட்டார்கள், அண்ணே” என்றார் தம்பி. நாற்பதே தேறினாலும் போதும், அவர்களுக்கு மடல் உண்மையாகவே வேண்டும். புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் போன விலையை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. மின்னஞ்சலில் வந்தால் ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். துபாயிலிருந்தபடி அப்பாவின் தோட்டக் கணக்கைப் பார்க்கும் மகனுக்கு அதுதான் வேண்டும்.

மடல் முழுவதையும் ஒரே படமாக்குவது

படம் திறக்காத இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரியும்.

தமிழையும் மலையாளத்தையும் ஒரே மடலில் குழைப்பது

கேரளத்து வண்டன்மேட்டுக்காரரும் படிக்க மாட்டார், தமிழ்நாட்டுப் போடிக்காரரும் படிக்க மாட்டார். எந்த மொழி வேண்டும் என்று சேரும்போதே கேளுங்கள்.

திறந்தவர் கணக்கை நம்புவது

மடலில் உள்ள படம் இறங்கினால் அதைத் திறந்ததாக எண்ணுகிறார்கள். ஆனால் 2021 முதல் ஆப்பிள் மெயில், பயனர் அனுமதித்திருந்தால், மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்கிறது. படிக்காதவரும் படித்தவராகக் கணக்கில் வருவார். மடல் போன மறுநாள் எத்தனை பேர் போன் செய்தார்கள் என்று எண்ணுங்கள்.

எல்லா முகவரியையும் ‘டூ’ (பெறுநர்) கட்டத்தில் போடுவது

ஒருவர் முகவரி மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதற்கு மேல் விளக்கம் வேறு வேண்டுமா?

பதிவேட்டை மூடிவிட்டு, ‘மடல் வேண்டுவோர்’ என்று தலைப்பிட்ட தாளை மேசையில் வைத்தோம். முதலில் எழுதியவர் சங்கத்தின் ஜீப் ஓட்டுநர். முகவரி மகனுடையது என்றார்.

“அவனைக் கேட்டீர்களா?” என்றார் தம்பி.