சூரிய, காற்றாலைத் திட்டங்கள் மூலம் உங்கள் கார்பன் உமிழ்வை ஈடுசெய்வது எப்படி?

கார்டு எண்ணைத் தட்டிக் கார்பன் கிரெடிட் (எங்கோ ஒரு திட்டம் ஒரு டன் உமிழ்வைத் தவிர்த்ததற்கான சான்று) வாங்க ஐந்து நிமிடம் போதும். அந்தப் பணம் ஒரு டன் உமிழ்வையாவது உண்மையில் தடுத்ததா என்று பார்க்கத்தான் நேரம் பிடிக்கும். இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியது.

படி 1: கணக்குப் போடுங்கள்

இதற்கு ஆப் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும். எந்த எண்ணால் பெருக்கினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். ஓராண்டு மின் ரசீதுகளைக் கூட்டுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது நாட்டுக்கு நாடு மாறும். நிலக்கரியை நம்பியிருக்கும் நாட்டில் 0.7 கிலோ, அதற்கு மேலும் போகும். நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த நாட்டில் 0.1 கிலோவுக்கும் கீழே இருக்கும். உங்கள் நாட்டு மின்துறை வெளியிடும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, டீசல் 2.7, சமையல் எரிவாயு கிலோவுக்கு 3.

மாதம் 200 யூனிட் மின்சாரம் (யூனிட்டுக்கு 0.7 கிலோ), 30 லிட்டர் பெட்ரோல், ஆண்டுக்கு 100 கிலோ எரிவாயு என்று வைத்துக்கொண்டால் 1,680 + 828 + 300, ஆக 2,808 கிலோ. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன். எனவே மூன்று வேண்டும். விமானத்தில் போயிருந்தால் ஐசிஏஓ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பானில் புறப்பட்ட, சேர்ந்த விமான நிலையங்களைப் போட்டுப் பாருங்கள். அது கார்பன் டை ஆக்சைடை மட்டுமே எண்ணும். உயரத்தில் விமானம் விட்டுச் செல்லும் புகைத்தடம் உண்டாக்கும் வெப்பம் அதில் வராது. அதனால் வருகிற விடையை நான் இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன்.

படி 2: ஆர்.இ.சி.யா, கிரெடிட்டா?

இரண்டையும் ஒரே கடையில் அடுத்தடுத்து வைத்து விற்பார்கள். ஆர்.இ.சி. என்பது 1,000 யூனிட் பசுமை மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்று. அதை உங்கள் மின்சாரக் கணக்கில் மட்டும்தான் கழிக்கலாம். பெட்ரோலுக்கும் விமானத்துக்கும் அது செல்லாது; அங்கே கார்பன் கிரெடிட்தான் வேண்டும்.

படி 3: திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். புதியவர்களும் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கிரெடிட் பணம் வந்திருக்காவிட்டால் இந்தக் காற்றாலை கட்டப்பட்டிருக்குமா? எப்படியும் கட்டப்பட்டிருக்கும் என்றால் உங்கள் பணத்தால் வளிமண்டலத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் மலிவாகிவிட்ட பிறகு, மின்தொகுப்போடு இணைந்த பெரிய திட்டங்கள் பல நாடுகளில் மின்சாரத்தை விற்றே லாபம் பார்க்கின்றன. அதனால்தான் கிரெடிட்டுகளுக்குச் சான்றளித்துப் பதிவுசெய்யும் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு ஆகிய இரண்டு பெரிய பதிவேடுகளும் மிகப் பின்தங்கிய நாடுகள் போன்ற சில விலக்குகள் தவிர, இத்தகைய புதிய திட்டங்களைச் சேர்ப்பதை நிறுத்தின. 2024 ஆகஸ்டில் ஐசிவிசிஎம் என்ற தர அமைப்பும், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான அப்போதைய கணக்கீட்டு முறைகளுக்குத் தன் தரமுத்திரை கிடையாது என்று அறிவித்தது. பழைய கிரெடிட்டுகள் மட்டும் இன்னும் மலிவு விலையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மலிவாக இருப்பதே சந்தேகப்படக் காரணம்.

பதிவேட்டில் உள்ள திட்டத்தின் பக்கத்தில் 'திட்ட வடிவமைப்பு ஆவணம்' பி.டி.எஃப்.பாக இருக்கும். அதில் முதலீட்டுப் பகுப்பாய்வுக்குப் போங்கள். கிரெடிட் வருமானம் இல்லாமல் லாப விகிதம் எவ்வளவு, சேர்த்தால் எவ்வளவு என்று பல ஆவணங்களில் அட்டவணையே இருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பக்கத்தை மூடிவிடலாம். மின்கம்பி எட்டாத ஊரில் டீசல் ஜெனரேட்டரையும் மண்ணெண்ணெய் விளக்கையும் ஒழிக்கும் சிறு சூரியத் திட்டங்களுக்கே என் ஓட்டு. பெரிய அணைகளை நான் தொடுவதில்லை.

அப்படியே 'விண்டேஜ்' ஆண்டையும் பாருங்கள். உமிழ்வு எந்த ஆண்டில் தவிர்க்கப்பட்டது என்பதைச் சொல்வது அது. ஐந்து ஆண்டுக்கு முந்தையதை நான் வாங்குவதில்லை.

படி 4: 'ரிடயர்' ஆனதா?

வாங்கிய கிரெடிட்டைப் பதிவேட்டில் நிரந்தரமாக முடக்கினால்தான் கணக்கு முடியும். முடக்காத கிரெடிட்டை நாளை வேறொருவருக்கு விற்கலாம். அழகான சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தால் மட்டும் போதாது, அதில் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைப் பதிவேட்டின் பொதுத் தேடலில் போடுங்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை. வெர்ராவின் வரிசை எண் நீளமாக, சிறுகோடுகளால் பிரித்து இருக்கும். தொடக்க எண், இறுதி எண், நாட்டுக் குறியீடு, திட்ட எண், தேதிகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். இறுதி எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை டன் என்று தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: "பதிவேட்டில் என் பெயரே இல்லையே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். சில்லறையாக விற்கும் தளங்கள் பலருடைய வாங்கலைச் சேர்த்து, தங்கள் பெயரில் மொத்தமாக முடக்குவது வழக்கம். மொத்த வரிசை எண்ணையும் அதில் உங்கள் பங்கையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு தளம் பாருங்கள். கோல்டு ஸ்டாண்டர்டின் சொந்தத் தளத்திலேயே தனிநபர்களும் வாங்கலாம். என் முதல் தேர்வு அதுதான்.

இன்னொரு கேள்வி: கூரையில் சூரியத் தகடு போட்டிருப்பவர் அதை ஈடாக எண்ணலாமா? அந்த மின்சாரத்தை நீங்களே பயன்படுத்தினால் ரசீதில் யூனிட் ஏற்கெனவே குறைந்திருக்கும். மறுபடி கழித்தால் ஒன்றையே இரண்டு முறை எண்ணியதாகும். உபரி மின்சாரத்துக்கு ஆர்.இ.சி. பெற்று விற்றிருந்தால் அந்தப் பசுமை உரிமை வாங்கியவருக்குப் போய்விட்டது. அந்த யூனிட்களை உங்கள் தாளில் ஈடாகக் காட்டாதீர்கள்.