நாம் தூங்கும்போதும் ஓடும் செலவு

எங்கள் சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுதானே என்று விட்டுவைத்திருந்தோம். ஒரு நாள் நடுராத்திரி தூக்கம் கலைந்து உட்கார்ந்திருந்தபோது அந்தச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. எழுந்துபோய் ஓர் அளவுக் குவளையைக் குழாய்க்கு அடியில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம். 50 மில்லி சேர்ந்திருந்தது. மணிக்கு 300 மில்லி, நாளைக்கு 7.2 லிட்டர். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 650 லிட்டர் நல்ல தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

மறுநாள் காலையில் குழாய்க்கு வரும் தண்ணீரை வால்வில் அடைத்துவிட்டு, குழாயின் தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் வாஷர், நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து தேய்ந்துபோயிருந்தது. அதே அளவில் புதிய வாஷரைப் போட்டுத் திருகி மூட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. (நெம்புகோல் போல ஒற்றைக் கைப்பிடி உள்ள குழாய்களில் பெரும்பாலும் இந்த வாஷர் இருக்காது, உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற பாகத்தை மொத்தமாக மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள், அளவு தவறாது.)

அன்றைக்குத்தான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அதற்கு முன்பும் நான் சிக்கனமாகத்தான் இருந்தேன், ஆனால் கடையில் நிற்கும்போது மட்டும். கையை விட்டுப் போகும் காசு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் யோசித்துச் செலவழிக்கிறோம். குழாயிலும் கம்பியிலும் மாதச் சந்தாவிலும் போகிற காசு நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. சேமிக்க நினைப்பவர்கள் முதலில் அங்கே போங்கள். ஒருமுறை சரிசெய்தால் போதும், தினமும் மனதைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

தொடங்க ஒரு ராத்திரி போதும். படுக்கப்போகும் முன் தண்ணீர் மீட்டரையும் மின்சார மீட்டரையும் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். ராத்திரி யாரும் தண்ணீர் புழங்காதபோது தண்ணீர் மீட்டர் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறையின் ஃபிளஷ் டேங்க்தான். டேங்கில் கொஞ்சம் உணவு வண்ணத்தைக் கரைத்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. இந்தக் கசிவு சத்தம் போடாது, சுவர் நனையாது, வருடக்கணக்கில் ஓடும்.

மின்சாரத்துக்கு இன்னும் நல்ல சந்தர்ப்பம், எல்லோரும் வெளியூர் போகும் நாள். நாங்கள் இரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது கிளம்பும்போதும் திரும்பியதும் குறித்தேன். விளக்கு, விசிறி எதுவும் ஓடவில்லை. ஆனாலும் 48 மணி நேரத்தில் 5.8 யூனிட் ஓடியிருந்தது. ஃபிரிட்ஜுக்கு நாளைக்கு ஒரு யூனிட் என்று கழித்தாலும் 3.8 மிச்சம். ஒவ்வொன்றாகத் தேடினேன். குளியலறையில் வெந்நீர் ஹீட்டரின் சுவிட்சை அணைக்காமல் போயிருந்தோம். யாரும் குளிக்காத வீட்டில் அது ஆற ஆறச் சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கூடவே டிவி பெட்டி, மோடம், பிரிண்டர், ஒலிபெருக்கி.

கணக்குப் போடும் முறை எளிது. வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். வெறும் 5 வாட் இழுக்கும் ஒரு பெட்டி வருடம் முழுவதும் செருகியே இருந்தால் ஏறக்குறைய 44 யூனிட் ஆகிறது. 60 வாட் பழைய குண்டு பல்பு இருந்த இடத்தில் அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடியைப் போட்டு, நாளைக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் வருடத்துக்கு மிச்சம் 93 யூனிட். உங்கள் பில்லில் ஒரு யூனிட்டின் விலை என்ன என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். நான் செய்தது இவ்வளவுதான்: டிவியைச் சேர்ந்த எல்லாவற்றையும் சுவிட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினேன். படுக்கும் முன் ஒரு தட்டு. ஹீட்டருக்குக் குளிப்பதற்குக் கால் மணி முன்பு சுவிட்ச், குளித்ததும் அணைப்பு. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் உடம்பில் காற்றுப் பட வைக்கிறது. அதனால் ஆளில்லாத அறையில் ஓடும் விசிறியால் யாருக்கும் பயனில்லை.

ஃபிரிட்ஜ் ராத்திரி பகலாக ஓடுவது, அதற்குக் கொஞ்சம் தனி கவனம் வேண்டும். கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள், பல நேரம் அழுக்குதான் காரணம். உள்ளே வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும், ஃப்ரீசர் மைனஸ் 18. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுவதும் உள்ளே வைத்தால் சரியாகத் தெரியும். பின்பக்கம் கம்பிச்சுருள் வெளியே தெரியும் மாதிரி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள். சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். சூடான உணவை ஆவி அடங்கியபின் வையுங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை அதே ஃபிரிட்ஜுக்குள்தான் இருந்தது. ஒரு மாதம், குப்பைக்குப் போகும் ஒவ்வொரு உணவுப் பொருளையும் நோட்டில் எழுதினேன். என்ன பொருள், எவ்வளவு, ஏன் என்று மூன்றே பத்தி. எழுதும்போது கை கூசியது உண்மை. வாடிய கீரைக்கட்டு, காய்ந்த பாதி எலுமிச்சை, மூடி திறந்து மறந்த தயிர், முந்தாநாள் மீந்தது. மாதக் கடைசியில் ‘ஏன்’ பத்தியைப் படித்தபோது இரண்டே காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, ஏற்கெனவே இருப்பது தெரியாமல் இன்னொன்று வாங்கினேன். இன்னொன்று, பின்னால் போனதைப் பார்க்கவே இல்லை.

அதற்காக இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், கண் மட்டத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் ‘முதலில் இதை’ என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. சீக்கிரம் கெடப்போவதும் மீந்ததும் பாதி வெட்டியதும் அதற்குள்தான் போகும். சமைக்கத் தொடங்கும் முன் அந்தப் பெட்டியைத்தான் திறப்பேன். இன்றைக்கு என்ன சமையல் என்பதை அதுவே பாதி சொல்லிவிடும். இரண்டாவது, கடைக்குக் கிளம்பும் முன் ஃபிரிட்ஜையும் அலமாரியையும் கைபேசியில் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்வது. பட்டியலில் விட்டுப்போனது இருக்கிறதா இல்லையா என்று கடையில் நின்று குழம்ப வேண்டாம். புதிதாக வாங்கிய பொட்டலத்தை அலமாரியில் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் தள்ளுவதும் இதோடு சேர்ந்ததுதான். கீரையைத் தண்ணீர் சொட்ட உள்ளே வைத்தால் அழுகும். ஈரத்தை உலர்த்தி, துணியில் சுற்றி வையுங்கள்.

அடுப்புக்கு வருவோம். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது. கூட்டிய தீ முழுக்க ஆவியாகப் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்கு, அதே ஒரு லிட்டரை முழுதாக ஆவியாக்கத் தேவைப்படுகிறது. இது தெரிந்தபின் மூடி போடாமல் கொதிக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி மூடுங்கள், அதனால் வேகும் நேரம் அதிகமாகிவிடாது. பிரஷர் குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகும், அதனால்தான் அதில் சீக்கிரம் வேகிறது. முழு அழுத்தம் வந்துவிட்டால் அங்கேயும் தீயைக் குறைக்கலாம். காய்ந்த பயறு வகைகளை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும், வேகும் நேரம் நன்றாகக் குறையும். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறும் தீ பாத்திரத்தின் பக்கத்தைத்தான் சுடுகிறது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கக்கூடும். அடுப்பு ஆறியபின் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அப்புறமும் மஞ்சளாகவே எரிந்தால் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள், அது பாதுகாப்பு விஷயம்.

குளியலறையில் ஒரே ஒரு சோதனை. ஷவரின் கீழே ஒரு 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு நிமிடம். அப்படியானால் எட்டு நிமிடக் குளியலுக்கு 80 லிட்டர். சோப்புப் போடும்போது அடைத்தாலே நிறைய மிச்சம். வெந்நீராக இருந்தால் மின்சாரமும் சேர்ந்து மிச்சம், ஏனென்றால் 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கவே ஏறக்குறைய 0.6 யூனிட் வேண்டும். துவைக்கும் எந்திரத்திலும் இதேதான். வெந்நீர் முறையில் வைத்தால் மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. அன்றாட அழுக்குக்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

கடையில் நான் பார்ப்பது பொட்டலத்தின் விலையை அல்ல, நூறு கிராமுக்கு என்ன விலை என்பதை. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது உண்மையில்லை. வகுத்துப் பாருங்கள். விலை மாறாமல் 500 கிராம் 450 ஆகிவிட்டால் அது 11 சதவீத விலையேற்றம். அட்டையில் இருக்கும் எடையைப் படிக்காதவருக்கு இது தெரியாமலே போகும்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் வாங்க ஆசைப்படும் பொருள்களை எழுதுகிறேன். பக்கத்தில் அன்றைய தேதி. முப்பது நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குவேன், குற்ற உணர்வே இல்லாமல். சென்ற வருடம் 23 பொருள் எழுதினேன், வாங்கியது 7. மீதி 16-இல் பலவற்றை ஏன் எழுதினேன் என்றே இப்போது நினைவில்லை. சந்தாக்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. எது, எந்தத் தேதியில் புதுப்பிக்கும், கடைசியாக எப்போது பயன்படுத்தினோம். இரண்டு மாதமாகத் தொடாததை நிறுத்திவிடுவேன். வேண்டுமானால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

சில இடங்களில் மிச்சம் பிடிக்கவே கூடாது. கேஸ் குழாய், மின்சார ஒயர், எக்ஸ்டென்ஷன் பலகை, வண்டியின் பிரேக், டயர், மருந்து, மூக்குக்கண்ணாடி. கேஸ் குழாய் வெடிப்பு விட்டிருந்தால் இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்ற பேச்சே வேண்டாம்.

அப்புறம், வீட்டில் இருப்பவர்களை விரட்டாதீர்கள். ஆரம்பத்தில் நான் விளக்கு விளக்காகப் போய்ச் சத்தம் போட்டேன், யாரும் மாறவில்லை, எனக்குத்தான் தொண்டை வலித்தது. பிறகு மாதாமாதம் யூனிட் எண்ணை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். போன மாதம், இந்த மாதம், அவ்வளவே. என் மகள் அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே கணினியை அணைக்க ஆரம்பித்தாள். என் கணவர் வாளிச் சோதனையை அவரே ஒருமுறை செய்து பார்த்தார்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். மிச்சமான காசை அதே கணக்கில் விட்டால் அது வேறு எதற்கோ கரைந்துவிடும். பில் கட்டும் நாளில், போன வருடம் இதே மாதத்தைவிட எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்தத் தொகையை உடனே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். கிரெடிட் கார்டு கடன் இருந்தால் முதலில் அதற்குக் கட்டுங்கள். மாதம் 3 சதவீத வட்டி என்றால், கட்டாமல் விட்ட கடன் 24 மாதத்தில் இரண்டு மடங்காகிவிடும். எங்களுக்கு அந்தக் கடன் தீர்ந்தபின்தான் கணக்கில் தொகை ஏற ஆரம்பித்தது. அதில் சேர்ந்ததை வைத்துத்தான் போன வருடம் பழைய ஃபிரிட்ஜை மாற்றினோம். புதியதைப் பொருத்திய அன்றைக்கு ராத்திரி, எல்லோரும் படுத்தபின், மீட்டரைப் பார்த்து நோட்டில் எண்ணைக் குறித்தேன்.