மேற்கோள் விவரங்களைச் சரிபார்ப்பது எப்படி? புதிதாக ஆய்வேடு எழுதுவோருக்கான செய்முறை

முதன்முறையாக ஆய்வேடு எழுதுவோர் பலர், ஏ.பி.ஏ., சிகாகோ, வான்கூவர் போன்ற மேற்கோள் வடிவ முறைகளில் காற்புள்ளி எங்கே வரும், ஆண்டு எங்கே வரும் என்பதையே பெரிதாக நினைத்துக் கவலைப்படுகிறார்கள். அந்த வடிவ வேலையை ஸோட்டெரோ போன்ற, மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளே செய்துவிடும். நாம் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவை இரண்டு: நாம் தரும் விவரத்தைக் கொண்டு வாசகர் மூலத்தைச் சென்றடைய முடிகிறதா, நாம் சொல்வது அங்கே உண்மையில் இருக்கிறதா.

முதலில், மூலக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரின் துணைநூற்பட்டியலிலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுக்காதீர்கள். சிம்கினும் ராய்சௌத்ரியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 196 மேற்கோள்களில் அச்சுப்பிழை இருந்தது. ஆனால் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பிழைகள் 45 மட்டுமே, அவற்றுள் ஒரே தவறான பக்க எண் 78 முறை வந்திருந்தது. அத்தனை பேரும் தனித்தனியே அதே பக்க எண்ணைத் தவறாக அடித்திருக்க வழியில்லை என்பதால், ஒருவர் செய்த பிழையை மற்றவர்கள் மூலத்தைப் பாராமலே எடுத்தெழுதினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து, ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, தொகுதி எண், இதழ் எண், பக்கங்கள் ஆகியவற்றைக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு இணையக் கட்டுரைக்கும் தனி அடையாளமாகத் தரப்படும், ‘10.’ என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் இருந்தால் அதைச் சொடுக்கி, அதே கட்டுரைதான் திறக்கிறதா என்று பாருங்கள். உலகில் இல்லவே இல்லாத கட்டுரைக்கும் பொருத்தமாகத் தோன்றும் விவரங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் புனைந்து தருகிற இந்தக் காலத்தில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. தமிழ்ப் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். முருகன் கந்தசாமி என்று அச்சாகியிருந்தால், மென்பொருள் கந்தசாமியைக் குடும்பப் பெயராகக் கொண்டு, எழுதியவரைத் தந்தையின் பெயரில் பட்டியலிட்டுவிடும்.

இலக்கிய ஆய்வில் பக்க எண் மட்டும் போதாது. புறநானூற்றை உ.வே.சா. 1894இல் பதிப்பித்த பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டதால், பாடல் எண்ணையும் அடி எண்ணையும் தருவதோடு, பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறும் பாடவேறுபாடு இருக்கக்கூடும் என்பதால் நீங்கள் பயன்படுத்திய பதிப்பையும் குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது படிதான் எல்லாத் துறையிலும் அதிகம் புறக்கணிக்கப்படுகிறது. நீங்கள் எழுதிய வாக்கியத்தை ஒரு பக்கமும், அதற்கு ஆதாரமான மூலப் பத்தியை மறுபக்கமும் வைத்துப் படியுங்கள். நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் 1980இல் போர்ட்டரும் ஜிக்கும் எழுதிய கடிதம் ஐந்தே வாக்கியங்கள் கொண்டது. மருத்துவமனையில் தங்கி, அபினி வகை மருந்தை ஒரு முறையாவது பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களிடையே நான்கு பேருக்குத்தான் அது ஏற்பட்டதாகப் பதிவாகியிருந்தது என்பதே அதன் செய்தி. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கும் நோயாளிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதே இதழ் 2017இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, அதை மேற்கோள் காட்டிய 608 படைப்புகளில் 72.2 விழுக்காடு, இம்மருந்துகளால் அடிமையாவது அரிது என்பதற்கு அதைச் சான்றாக்கின; 80.8 விழுக்காடு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. ஆண்டும் பக்கமும் சரியாக இருந்தும் அந்த மேற்கோள்கள் வாசகரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோயின. ஆகவே யாரிடம், எங்கே, எத்தனை பேரிடம் ஆராய்ந்தார்கள் என்ற மூன்றையும் உங்கள் வாக்கியம் மறைக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். மூலம் கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள், பட்டியலில் உள்ள எந்தக் கட்டுரையாவது தவறு அல்லது மோசடி காரணமாகத் திரும்பப் பெறப்பட்டுள்ளதா என்று, அத்தகைய கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடுங்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி லான்செட் இதழில் 1998இல் வந்த கட்டுரை 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. எழுதத் தொடங்கிய நாளில் சரியாக இருந்த மேற்கோள், முடிக்கும் நாளில் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது.