நூலகத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பணி ஓய்வு பெற்ற கையோடு, இனி தினமும் நூலகம்தான் என்று முடிவுசெய்து வெயிலில் நடந்தே போனார். கதவு பூட்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும், வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருபவர்களும் நிறைய. அந்தப் பெரியவர் அப்புறம் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. போவதற்கு முன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன நூலகங்கள் மதியம் சாத்திவிட்டு மாலையில்தான் மறுபடி திறக்கும். மாவட்ட மைய நூலகத்தின் நேரம் வேறு.

சரி, உள்ளே போய்விட்டோம். அங்கே நாம் செய்கிற பெரிய தவறு, நூலகரிடம் பேசாமல் வருவது. நேராக அலமாரிக்குப் போகிறோம், கண்ணில் படுவதைப் புரட்டுகிறோம், தேடியது இல்லையென்றால் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று கிளம்பிவிடுகிறோம். நாம் தேடிய புத்தகம் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கலாம், நாளை திரும்பி வரலாம். மேசையில் இன்னும் அடுக்கப்படாமல் கிடக்கலாம். வேறு தலைப்பில் வேறு பதிப்பாக இருக்கலாம். இதெல்லாம் நூலகருக்குத்தான் தெரியும். ‘இந்தப் புத்தகம் இருக்கா?’ என்று கேட்டால் உண்டு, இல்லை என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ‘அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, பெரிய எழுத்தில் பயணக் கட்டுரை ஏதாவது வேண்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். அவரே எழுந்துவந்து மூன்று எடுத்துக் கொடுப்பார். எனக்குத் தெரிந்த நல்ல நூலகர்கள் எல்லோரும் அப்படிக் கேட்க ஆள் வராதா என்று காத்திருப்பவர்கள்தான்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் வாசகர் இருக்கும் இடத்துக்கே நூலைக் கொண்டுபோன ஊர் இது. அந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்படுகிறோம்.

இன்னொன்றும் கூச்சத்தில் விட்டுப்போகிறது. வேண்டிய நூல் இல்லையென்றால் வாங்கச் சொல்லிக் கேட்கலாம். வாசகர் பரிந்துரைக்கென்று ஏடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். ‘நல்ல கதைப் புத்தகம் வாங்கவும்’ என்று எழுதினால் யாரும் எதையும் வாங்க முடியாது. இப்படிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே அச்சிட்டிருக்கும்.

அடுத்தது, நல்லெண்ணத்தில் செய்கிற தவறு. எடுத்த புத்தகத்தை நாமே அலமாரியில் வைத்துவிடுவது. முதுகில் ஒட்டியிருக்கும் எண்தான் அந்தப் புத்தகத்தின் முகவரி. பொருள்வாரியாக எண் கொடுத்து நூல்களை அடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, சமையல் 641.5. ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுபோய்ச் சமையல் வரிசையில் செருகிவிட்டால், பட்டியலில் ‘இருக்கிறது’ என்று காட்டும், கையில் மட்டும் கிடைக்காது. தொலைந்த புத்தகத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நான் ஒரு நூலை ஒன்றரை வருடம் தேடினேன். கடைசியில் கால்நடை வளர்ப்பு நூல்களுக்கு நடுவில், தலைகீழாக, தூசியோடு கிடைத்தது. படித்து முடித்ததை மேசைமேலேயே விட்டுவிடுங்கள், அவர்கள் இடம் பார்த்து வைத்துக்கொள்வார்கள்.

என்ன படிப்பது என்பதில் வரும் தவறு வேறு மாதிரி. பத்து வருடமாக எதுவும் படிக்காதவர், எல்லோரும் சொல்கிறார்கள் என்று ஐந்து பாக நாவலைத் தூக்கிக்கொண்டு போவார். முதல் பாகத்தில் அறுபது பக்கம் போவதற்குள் தவணை முடிந்துவிடும். திருப்பிக் கொடுக்கத் தாமதம், தாமதக் கட்டணம், அதனால் கூச்சம், அதோடு நூலகம் போவதே நின்றுவிடும். விட்ட வாசிப்பைத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது சிறுகதைத் தொகுப்புதான். ஒரு கதை பிடிக்கவில்லையென்றால் அடுத்ததற்குப் போகலாம். அப்புறம் தன்வரலாறு, பயணக் கட்டுரை, ஊர் வரலாறு. கவிதை என்றால் ஒல்லியான புத்தகமாக ஒன்று போதும்.

எதை எடுப்பது என்று குழப்பமா? கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஊதா மையில் சாய்ந்தும் நேராகவும் குத்திய முத்திரைகள், சில மங்கியிருக்கும், சில ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். சீட்டு நிறைந்து அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால், உங்கள் ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பத் தேடிவந்து எடுத்துப்போன புத்தகம் அது. இந்தப் பரிந்துரையை நான் விளம்பரத்தைவிட நம்புவேன். ஒரே ஒரு முத்திரையோடு இருபது வருடம் கிடக்கும் புத்தகத்தையும் நான் விடுவதில்லை, அதில் எனக்கு நல்லவை நிறையக் கிடைத்திருக்கின்றன.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படக்கதை எடுக்கும் பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கி, பொது அறிவு நூலைத் திணிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நூலகம் இன்னொரு வகுப்பறை ஆகிவிடும். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியே அமைத்திருக்கிறார்கள். அங்கே அரை மணி நேரம் அவர்களை விட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சொந்தப் புத்தகத்தோடு வந்து காலையிலிருந்து மாலைவரை படிக்கிறீர்கள், நூலகம் அதற்கும்தான். ஆனால் பை வைத்து இடம் பிடித்துவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போகாதீர்கள். செய்தித்தாள் படிக்க வந்த முதியவர் நின்றுகொண்டே புரட்டிவிட்டுப் போகிறார்.

பழைய நூல் தேடுபவர்கள் உள்ளூர்க் கிளையில் இல்லையென்றதும் கைவிட்டுவிடுகிறார்கள். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அங்கே தேடாமல் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. ஆனால் குறிப்புதவி நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். வெளியூரில் இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கைத் தமிழ் நூலென்றால் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இருக்கும் இணையதளம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த நூல்கள் எத்தனை என்று அறிந்தவர்களுக்கு, அங்கே ஒவ்வொரு பக்கமாக ஏற்றப்பட்டிருப்பதன் அருமை தெரியும்.

நிகழ்ச்சிகளைப் பற்றி நாம் பெரும்பாலும் முடிந்த பிறகுதான் கேள்விப்படுகிறோம். அறிவிப்பு வாசலருகே பலகையில்தான் ஒட்டியிருக்கும், சில சமயம் போன மாதத்துத் தாளுக்கு அடியில். நின்று படியுங்கள், இல்லையென்றால் ‘இந்த மாதம் ஏதாவது கூட்டம் இருக்கா?’ என்று கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. எழுத்தாளர்களுக்கு மட்டும்தான் அது என்று நினைத்து ஒதுங்குபவர்கள் அதிகம். ஒரு புத்தகத்தைப் பாதிதான் படித்திருக்கிறீர்களா, போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள், யாரும் தேர்வு வைக்க மாட்டார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். புத்தகக் கண்காட்சி, பிள்ளைகளுக்கான போட்டிகள், உறுப்பினர் சேர்க்கை என்று சின்ன ஊர் நூலகம்கூட அப்போது சுறுசுறுப்பாக இருக்கும். உறுப்பினராகாதவர்கள் அந்த வாரத்திலேயே சேர்ந்துவிடலாம், காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் முடிந்துவிடும். முகவரிச் சான்றின் நகல் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வரும்.