கோழிக்குத் தீனிப்பை புளிச்சுப் போனா என்ன பண்ணணும்

கோழி கழுத்து முடிஞ்சு நெஞ்சு ஆரம்பிக்கிற இடத்துல, கொஞ்சம் வலது பக்கமா இருக்கிறதுதான் தீனிப்பை. கொத்தித் தின்னதெல்லாம் முதல்ல அங்க சேர்ந்து, ஊறி, மெதுவா கீழ இறங்கும். சாயங்காலம் அது உப்பலா இருந்தா நல்லது. காலைல தீனி வைக்கிறதுக்கு முன்னாடி தொட்டுப் பாக்கும்போது காலியா இருக்கணும். அப்பவும் தண்ணி நிரப்பின பலூன் மாதிரி தளதளன்னு இருக்கு, அலகுக்கிட்ட மோந்தா மாவு அதிகமாப் புளிச்ச வாடை அடிக்குதுன்னா உள்ள ஈஸ்ட்ங்கிற பூஞ்சை பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். வாயைத் திறந்து பாருங்க, நாக்குலயும் அண்ணத்துலயும் வெள்ளையா தயிர்த் திட்டு மாதிரி ஒட்டியிருந்தா சந்தேகம் இன்னும் பலமாகும். தொடும்போது கெட்டியா உருண்டையா இருந்தா அது அடைப்பு, அதுக்கு வைத்தியம் வேற, ஆனா அடைப்பு நாள்பட்டா அதுவும் புளிச்சுப் போகும்.

கேண்டிடா அல்பிகன்ஸ்ங்கிற இந்த ஈஸ்ட் ஆரோக்கியமான கோழி வயித்துலயும் கொஞ்சம் இருக்கும், நல்ல பாக்டீரியா அதை அடக்கி வச்சிருக்கும். ஆன்டிபயாட்டிக் ரொம்ப நாள் கொடுத்தா அந்த பாக்டீரியா செத்துடும், இல்லன்னா நீளமான புல்லு சிக்கி தீனி இறங்காம தேங்கிடும், ரொட்டி மாதிரி மாவுச்சத்து அதிகமா போட்டிருப்போம், பூசணம் பிடிச்ச தீனியோ அழுக்குத் தண்ணியோ உள்ள போயிருக்கும், அப்போதான் ஈஸ்ட் தலை தூக்கும். குடல் புழு, மாரெக்ஸ்ங்கிற வைரஸ் நோய், வயித்துக்குள்ள முட்டைக் கரு தேங்குறதுனாலயும் தீனிப்பை வேலை செய்யாம போகலாம். அதனால மருந்து கொடுக்கும்போதே ஏன் வந்துச்சுன்னும் தேடணும், காரணம் அப்படியே இருந்தா மருந்தை நிறுத்தினதும் திரும்ப வந்துடும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தயவுசெஞ்சு கோழியைத் தலைகீழாப் பிடிச்சு அமுக்கி வாந்தி எடுக்க வைக்காதீங்க. நிறைய பேர் இதைத்தான் முதல் வைத்தியமா சொல்றாங்க, ஆனா மேல வர்ற புளிச்ச தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடுச்சுன்னா கோழி உங்க கையிலயே மூச்சுத் திணறி செத்துடலாம், அப்போ தப்பிச்சாலும் நுரையீரல்ல நிமோனியா வரலாம். காலி பண்ணித்தான் ஆகணும்னா கால்நடை டாக்டர் ட்யூப் போட்டுக் கழுவுவாரு, அவர்கிட்ட விட்டுடுங்க.

நாம செய்ய வேண்டியது, கோழியைத் தனியா, கதகதப்பா, கொத்தித் தின்ன வைக்கோலோ மரத்தூளோ இல்லாம துணி விரிச்ச இடத்துல வைங்க, எச்சம் எப்படிப் போகுதுன்னும் அப்போதான் தெரியும். 12ல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் தீனி வேண்டாம், ஏற்கெனவே எலும்பும் தோலுமா இளைச்சுப் போயிருந்தா டாக்டரைக் கேக்காம பட்டினி போடாதீங்க. சுத்தமான தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும்.

மருந்துன்னா ஈஸ்டை அழிக்கிற நிஸ்டாட்டின்தான். கோழி எடையில ஒரு கிலோவுக்கு 1 லட்சத்துல இருந்து 3 லட்சம் யூனிட், நாளைக்கு ரெண்டு வேளை, 7ல இருந்து 14 நாள்னு கொடுக்கிறது வழக்கம், உங்க கோழிக்கு எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும், மருந்து சாப்பிட்ட கோழியோட முட்டையை எப்போ சாப்பிடலாம்னும் அவரையே கேட்டுடுங்க. இது ரத்தத்துல கலந்து வேலை செய்யற மருந்து இல்ல, ஈஸ்ட் மேல நேரடியா பட்டாத்தான் பலன், அதனால தீனிக்கு முன்னாடி காலி வயித்துல கொடுங்க, பாட்டிலை நல்லாக் குலுக்கிட்டு எடுங்க. ஊத்தும்போது கவனமா பாத்தீங்கன்னா நாக்குக்குப் பின்னால நடுவுல ஒரு சின்னத் துளை திறந்து மூடிட்டு இருக்கும், அதுதான் மூச்சுக்குழாய் வாய், அதுல மருந்து போகக் கூடாது. தலையை அண்ணாத்தாம அலகு ஓரத்துல ஒவ்வொரு சொட்டா விட்டு, முழுங்கினதுக்கு அப்புறம் அடுத்த சொட்டு விடுங்க.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பழைய வைத்தியம், அளவு கொஞ்சம் கூடினாலும் விஷம், வீட்டுல வேண்டாம். வினிகர் தண்ணில கலந்து கொடுத்தா ஈஸ்ட் போயிடும்னு நம்பி நாளைக் கடத்தாதீங்க, புண்ணான தீனிப்பையை அது எரிக்கவும் செய்யும். முக்கியமா, வாடை அடிக்குதேன்னு நீங்களா ஆன்டிபயாட்டிக் போட்டுடாதீங்க, ஈஸ்டுக்கு இன்னும் வசதியாப் போயிடும்.

தீனிப்பை இறங்க ஆரம்பிச்சதும் வழக்கமான தீனியைத் தண்ணில ஊற வச்சு, இல்லன்னா வேக வச்ச முட்டையை மசிச்சு, கொஞ்சம் கொஞ்சமா பல தடவை கொடுங்க. ரொட்டி, இனிப்பு, முழு தானியம் இப்போ வேண்டாம். தினமும் காலைல தொட்டுப் பாருங்க, தொடர்ந்து காலியா இருந்தா மத்த கோழிங்களோட விடலாம், அரவைக்குச் சின்னக் கல்லும் கிடைக்கிற மாதிரி வைங்க.

ரெண்டு மூணு நாள்லயும் இறங்கலன்னா, எச்சமே போகலன்னா, வாயைத் திறந்து மூச்சு விட்டா இல்ல தலை தொங்கிப் போனா வீட்டு வைத்தியத்தை நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க, போகும்போது அது என்ன தின்னுச்சு, இதுக்கு முன்னாடி என்ன மருந்து கொடுத்தீங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க.