இணையவழிப் போட்டி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாக இணையவழிப் போட்டி நடத்த முன்வந்த சில குழுக்களுக்கு, விண்ணப்பங்களைப் பெறும் மென்பொருளை அமைத்துக் கொடுக்கும் பணியில் அண்மையில் உடனிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே, ஏறத்தாழ அதே வரிசையில், அவர்களும் செய்வதைப் பார்த்த பிறகு இதை எழுதத் தோன்றியது. விதிமுறைகளைத் தெளிவாக எழுத வேண்டும், வெளியிடும் முன் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்க்க வேண்டும் என்பன எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே நேரும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

இறுதி நேரம் எந்த ஊர் நேரம்?

"15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி வரை" என்று அறிவித்தால், 15ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்ற குழப்பம் உறுதி. இரவு 11:59 என்று எழுதி, நேர மண்டலத்தையும் உடன் குறிப்பிடுவதே சரி. பல நாடுகளிலிருந்து விண்ணப்பங்கள் வருமானால், ஆய்வு மாநாடுகள் பலவற்றில் உள்ள ஒரு வழக்கத்தைப் பின்பற்றலாம்: உலகின் ஏதேனும் ஒரு மூலையில் அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை காலக்கெடு நீடிப்பதாக அவர்கள் கொள்கிறார்கள். உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தின் கடிகாரமே அங்கு கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 11:57க்குப் பதிவேற்றத் தொடங்கிய காணொளி 12:03க்கு முடிந்தால், அந்த விண்ணப்பம் காலத்துக்குள் வந்ததா, இல்லையா? பொத்தானை அழுத்திய நேரமா, கோப்பு வந்து சேர்ந்த நேரமா என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். மென்பொருளும் அப்படியே நடந்துகொள்கிறதா என்று பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிப் பாருங்கள்.

வரைவிலேயே நின்றுவிடும் விண்ணப்பங்கள்

"சேமி" என்ற பொத்தானை அழுத்தியதும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பலர் நம்பிவிடுகிறார்கள். காலக்கெடு முடிந்த பிறகு பட்டியலைத் திறந்தால், எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டு, கோப்பும் இணைக்கப்பட்டு, கடைசிப் பொத்தான் மட்டும் அழுத்தப்படாத விண்ணப்பங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை ஏற்றால் விதி மீறல், மறுத்தால் ஒருவரின் உழைப்பு வீண். இந்த நிலையைத் தவிர்க்க, காலக்கெடுவுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பும் ஆறு மணி நேரத்துக்கு முன்பும், வரைவு நிலையில் இருப்போருக்கு மட்டும் நினைவூட்டு மடல் செல்லும்படி அமையுங்கள். சமர்ப்பித்தவர்களுக்கோ, விண்ணப்ப எண்ணுடன் கூடிய உறுதி மடல் உடனே போக வேண்டும். அந்த எண் வராதவர் தாமாகவே திரும்ப வந்து பார்ப்பார்.

படிவத்தைத் திறந்த பின் மாற்றுதல்

மாற்றாதீர்கள்.

நடுவர்களின் மதிப்பெண்களை அப்படியே சராசரி எடுத்தல்

இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டிருக்கும் தவறு இதுதான். அண்மையில் நான் உதவிய குழுக்களில் ஒன்று இதே வழியில் செல்லப் புறப்பட்டபோது, எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

நான் பொறுப்பேற்றிருந்த கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான விண்ணப்பங்கள் வந்தன. எல்லோரும் எல்லாவற்றையும் படிப்பது இயலாது என்பதால், வந்த வரிசைப்படியே அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் ஒரு நடுவருக்கு அனுப்பினோம். பத்துக்கு எத்தனை என்று அவர்கள் இட்ட மதிப்பெண்களை மென்பொருள் ஒரே பட்டியலாகத் தொகுத்து, இரண்டு தசம இடங்கள்வரை துல்லியமாகக் காட்டியது. முதல் பதினைந்து பேரை அடுத்த சுற்றுக்குத் தேர்ந்தெடுத்து முடிவையும் அறிவித்துவிட்டோம். சில நாட்களுக்குப் பின், தேர்வாகாத ஒருவர் தம் கட்டுரை பற்றிய நடுவர் குறிப்பைக் கேட்டு எழுதினார். அதை அனுப்புவதற்காகத் திறந்தேன். மதிப்பெண் கட்டத்தில் 7 என்று இருந்தது. பக்கத்தில் அந்த நடுவர் எழுதியிருந்த ஒற்றை வரி: "எனக்கு வந்தவற்றில் இதுவே முதலிடம்."

அந்த நடுவர் யாருக்குமே ஏழுக்கு மேல் கொடுத்திருக்கவில்லை. மற்றொரு நடுவரோ, சுமாரானவை என்று தாமே குறிப்பெழுதிய கட்டுரைகளுக்குக்கூட எட்டு போட்டிருந்தார். இருவர் மீதும் குற்றமில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் அளவுகோல் இருந்தது. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தது நான். பரிசுச் சுற்று அதற்குள் முடிந்துவிட்டிருந்ததால், நடந்ததை விளக்கி அந்தக் கட்டுரையாளருக்கு ஒரு கடிதம் எழுதுவதைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய இயலவில்லை.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. முதலாவதாக, விண்ணப்பங்களை வந்த வரிசைப்படி பிரிக்காமல், எழுந்தமானமாகக் கலைத்துப் பிரிக்க வேண்டும். முதல் நாளிலேயே அனுப்புவோரும் கடைசி மணி நேரத்தில் அனுப்புவோரும் ஒரே தன்மையினர் என்று கொள்ள முடியாது. இரண்டாவதாக, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குறைந்தது மூவராவது படிக்க வேண்டும், அதுவும் ஒரே மூவர் கூட்டாக அமையாமல் மாறி மாறி அமைய வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்து, அவருடைய திட்டவிலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். தாராளமான நடுவரின் சராசரி 7.5, திட்டவிலக்கம் 1 என்றால், அவர் கொடுத்த 8.5 என்பது சராசரியைவிட ஒரு படி மேல். கறாரான நடுவரின் சராசரி 5, திட்டவிலக்கம் 1.5 என்றால், அவர் கொடுத்த 8 இரண்டு படி மேல். மூல மதிப்பெண்ணில் பின்தங்கிய கட்டுரைதான் உண்மையில் முந்துகிறது.

ஆனால் ஒரு நடுவர் ஐந்தாறு விண்ணப்பங்களை மட்டும் படித்திருந்தால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் கிடைக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் நிலையற்றவை. அத்தகைய சிறிய போட்டிகளில், தேர்வின் விளிம்பில் நிற்கும் விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு நடுவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதே மேல். போட்டி பெரியதோ சிறியதோ, மதிப்பிடத் தொடங்கும் முன் எல்லா நடுவர்களுக்கும் ஒரே ஐந்து மாதிரிகளைக் கொடுத்து மதிப்பெண் இடச் சொல்லி, வேறுபாடுகளை அவர்களே பார்த்துப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான மென்பொருள் வசதி எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

இதனோடு சேர்ந்த சிறு கண்ணி ஒன்றும் இருக்கிறது. விண்ணப்பதாரர் தமக்குத் தெரிந்தவர் என்பதால் ஒரு நடுவர் மதிப்பிடாமல் விலகினால், அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். அதில் 0 என்று இட்டுவிட்டால், எக்ஸெல் அதையும் மதிப்பெண்ணாகவே சேர்த்துச் சராசரி எடுக்கும். காலிக் கட்டத்தை அது விட்டுவிடும். விலகிய நடுவரின் நேர்மைக்கு விண்ணப்பதாரர் தண்டனை பெறக் கூடாது.

பெயர் மறைத்த கோப்பில் பெயர்

படிவத்தில் பெயர்க் கட்டத்தை நடுவர்களுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கோப்பின் பெயரிலேயே விண்ணப்பதாரர் தம் பெயரை வைத்திருப்பார். வேர்டு, பிடிஎஃப் கோப்புகளின் பண்புகளில் ஆசிரியர் பெயர் பதிந்திருக்கலாம். புகைப்படங்களுக்குள்ளே எடுத்த தேதி, கேமரா விவரம், சில வேளைகளில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட இருக்கும். கோப்புகளை விண்ணப்ப எண்ணால் பெயர் மாற்றி, உள்ளே பொதிந்த தகவல்களை நீக்கிய பிறகே நடுவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

பட்டியலை எக்ஸெலில் திறத்தல்

மென்பொருளிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட வெறும் உரைப் பட்டியல்) இருமுறை சொடுக்கித் திறந்தால், தொலைபேசி எண்களின் முன்னிருக்கும் பூச்சியம் மறைந்துவிடும். தமிழ்ப் பெயர்களும் பெரும்பாலும் புரியாத குறிகளாகச் சிதைந்துவிடும். அந்நிலையில் சேமித்துவிட்டால் இழந்தது இழந்ததுதான். தரவை இறக்குமதி செய்யும் வழியாகச் சென்று, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எண் உள்ள நெடுவரிசைகளை உரை என்று குறித்துத் திறவுங்கள். முதலில் இறக்கிய மூலக் கோப்பை யாரும் தொடாத இடத்தில் வையுங்கள்.

பொதுமக்கள் வாக்கு

பரிசுப் பணத்தை அதனோடு இணைக்காதீர்கள்.

போட்டி முடிந்த பின் தங்கிவிடும் கோப்புகள்

வயதுச் சான்று, அடையாள அட்டை நகல் போன்றவற்றை எல்லா விண்ணப்பதாரர்களிடமும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிட்டு, பிறகு அவற்றை மறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இறுதிப் பட்டியலுக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டாலே போதும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தனிநபர் தரவை நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், எந்தத் தேதியில் நீக்குவீர்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதி, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து, நீக்க வேண்டியவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.