முரகாமியின் பூ அச்சு வாங்கப் போகிறீர்களா? லூப்பை எங்கே வைத்துப் பார்ப்பது என்று முதலில் சொல்கிறேன்

ஜப்பானியக் கலைஞர் தகாஷி முரகாமியின் சிரிக்கும் பூக்களை எங்காவது பார்த்திருப்பீர்கள். 12 இதழ், நடுவில் வட்ட முகம், வாய் நிறையச் சிரிப்பு. அந்தப் பூக்களின் கையொப்பமிட்ட, எண்ணிட்ட அச்சு ஒன்றை வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், ஒரே படம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விலைகளில் வந்து நிற்கும். எதை நம்புவது?

வழிகாட்டிகள் பலவும் 'லூப்பில் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கியில்) புள்ளி தெரிந்தால் போலி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. முரகாமி விஷயத்தில் அந்த விதி வேலைக்கு ஆகாது. எனக்கு ஒன்றை வாங்குவதற்கு முன் நான் அதிகம் படித்தது இதைப் பற்றித்தான். அதனால் 3-வது படி மட்டும் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு லூப், சின்ன டார்ச், மில்லிமீட்டர் குறித்த எஃகு ஸ்கேல், நைட்ரைல் கையுறை. 60 மடங்கு என்று விளக்கோடு விற்கும் லூப் வேண்டாம். ஒரு நேரத்தில் அதில் தெரியும் இடம் கடுகளவுதான், கை கொஞ்சம் அசைந்தாலும் காட்சி ஓடிவிடும். பருத்திக் கையுறையும் எனக்குப் பிடிக்காது. காகித ஓரத்தில் நூல் மாட்டும்.

படி 1: விவரக் குறிப்பு

தலைப்பு, ஆண்டு, அச்சு முறை, தாளின் அளவு, எடிஷன் எண்ணிக்கை (மொத்தம் எத்தனை பிரதிகள்) ஆகிய ஐந்தையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முரகாமியின் பூ அச்சுகளில் அதிகம் புழங்குவது ஆஃப்செட் லித்தோகிராஃப். எடிஷன் பெரும்பாலும் 300. சிலவற்றில் உலோகப் பளபளப்பைச் சூடில்லாமல் பதித்து, மேலே பளபளக்கும் வார்னிஷும் பூசியிருப்பார்கள். சில்க்ஸ்க்ரீன் அச்சுகள் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் வரும், விலையும் ஏறும். விற்பவர் 'லித்தோ' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். ஆஃப்செட்டா, சில்க்ஸ்க்ரீனா என்று தெளிவாகக் கேளுங்கள் (இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3-வது படியில் சொல்கிறேன்). அடுத்து வரும் எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்தது.

87/300 என்றால் 300 பிரதிகளில் 87-வது எண் இட்டது, அவ்வளவுதான். 1/300 மற்றதைவிட நன்றாக அச்சாகியிருக்கும் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். எண் இடும் வரிசையும் அச்சான வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 2: அளந்து பாருங்கள்

முழுத் தாளையும் நான்கு பக்கமும் அளந்து, அதே அச்சுக்குப் பழைய ஏல அட்டவணைகளில் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். இணையப் படத்தை எடுத்து அச்சடிப்பவர்கள் அளவில்தான் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள்.

படி 3: லூப்

முதலில் அச்சு முறைகள். சில்க்ஸ்க்ரீனில் ஒவ்வொரு நிறமும் தனித்தனித் திரை வழியாக மையாக இறங்கும். லூப்பில் நிறம் ஒரே பரப்பாக நிரம்பித் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மையின் விளிம்பு லேசாக மேடிட்டிருக்கும். ஆஃப்செட்டில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளின் நுண்புள்ளிகள் சேர்ந்துதான் மற்ற நிறங்கள் உருவாகும். ஆக, அசல் ஆஃப்செட் அச்சிலும் இதழ்களில் புள்ளி தெரியும். தெரிந்தால் பதற வேண்டியதில்லை. மாறாக, 'சில்க்ஸ்க்ரீன்' என்று விற்கப்படும் ஒன்றில் நான்கு நிறப் புள்ளிகள் தெரிந்தால் விற்பவரிடம் கேள்வி கேட்கலாம்.

அப்படியானால் ஆஃப்செட் அசலையும் ஆஃப்செட் நகலையும் எப்படிப் பிரிப்பது? இதழ்களை விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, கண்ணிலும் வாயிலும் இருக்கும் மெல்லிய கறுப்புக் கோடு. முரகாமியின் ஸ்டூடியோவில் படங்கள் கணினியில் வெக்டர் கோடுகளாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காத கோடுகளாக) தயாராகின்றன. அதனால் அசலில் கோட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். அச்சை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் அந்தக் கறுப்புக்குள்ளேயே வண்ணப் புள்ளிகள் புகுந்து விளிம்பு கலங்கிவிடும். ஏற்கெனவே இருந்த புள்ளிகள் மீது புதுப் புள்ளிகள் விழுவதால் நிறப் பரப்புகளில் அலை அலையான கோலமும் தெரியக்கூடும். இங்க்ஜெட் நகல் என்றால் புள்ளிகளுக்கு வரிசையே இராது, தூவியதுபோல் கிடக்கும்.

இரண்டாவது, உலோகப் பளபளப்பு. விவரக் குறிப்பில் அது இருந்தால் மட்டும் இந்தச் சோதனை. தாளைச் சாய்க்கும்போது வெளிச்சம் அந்த இடத்தில் பளிச்சென்று மாற வேண்டும். எந்தக் கோணத்திலும் மந்தமான சாம்பல் நிறமாகவே இருந்தால் அது வெறும் மை.

மூன்றாவதுதான் முக்கியம்: கையொப்பமும் எண்ணும். இவற்றில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. பேனா மை அச்சின் மேற்பரப்பில் (வார்னிஷ் இருந்தால் அதன் மேல்) உட்கார்ந்திருக்க வேண்டும், அதாவது டார்ச்சைச் சாய்த்தால் கோடு மட்டும் தனியாக ஒளியை வாங்க வேண்டும். கோடு புள்ளிகளால் ஆனது என்றால் கையொப்பமும் படத்தோடு சேர்ந்து அச்சானது. அதற்கு மேல் எதையும் சோதிக்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

பூ அச்சு என்றால் அமெரிக்க பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் பெயரும் வரும். 1970-ல் அவர் வெளியிட்ட 'ஃப்ளவர்ஸ்' தொகுப்பில் 10 சில்க்ஸ்க்ரீன்கள், 36 அங்குலச் சதுரம், எடிஷன் 250. அதே படங்களை 'சண்டே பி. மார்னிங்' என்ற பெயரில் வேறு சிலர் அச்சடித்தார்கள். அவற்றின் பின்பக்க முத்திரை, கையொப்பத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறது! அவையும் சில்க்ஸ்க்ரீன்தான். அங்கே லூப் கைகொடுக்காது, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

படி 4: கை மாறிய வரலாறு

கையால் போட்ட கையொப்பம் என்பது உறுதியானாலும் போட்ட கை யாருடையது என்பதை லூப் சொல்லாது. முதலில் வாங்கிய ரசீது, ஏல எண், கேலரியின் கடிதம் எது இருந்தாலும் கேளுங்கள். 'அசல் சான்றிதழ்' என்று தனியாக ஒரு தாள் தந்தால் அதற்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. படத்தையே நகலெடுக்கத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் அடிப்பதா கஷ்டம்?

படி 5: ஃப்ரேம்

வார்னிஷ் பூசிய பரப்பு கண்ணாடியில் படவே கூடாது. ஈரப்பதத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படமும் சேர்ந்து வரும். ஆகவே இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடும் ஸ்பேசர் கட்டாயம். முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், பின்னால் அமிலமற்ற அட்டை, தாளைப் பிடிக்க ஜப்பானியக் காகிதக் கீலும் கோதுமை மாவுப் பசையும். ஃப்ரேம் போடுபவர் 'சுருக்கமே தெரியாமல் அட்டையில் ஒட்டித் தருகிறேன்' என்றால் அச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஏற்கெனவே ஃப்ரேமில் இருக்கும் அச்சை எப்படிச் சோதிப்பது என்று சிலர் கேட்டார்கள். கண்ணாடி வழியாக லூப் சரியாகக் குவியாது. ஃப்ரேமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அல்லது திறந்த நிலையில் கையொப்பத்தின் நெருக்கப் படத்தைக் கேளுங்கள். ஃப்ரேம் ஓரம் தாளின் விளிம்பை மறைக்கும் என்பதால் 2-வது படிக்கும் திறந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். வார்னிஷிலும் உலோகப் பூச்சிலும் வெடிப்பு விழலாம். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே குழாயில் வந்து சேர்ந்துவிட்டதென்றால் எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். படம் மேலே இருக்கும்படி மெதுவாக விரித்து, அமிலமற்ற தாளால் மூடி, மேலே சமமான பலகை ஒன்றை ஏற்றிச் சில நாள் அப்படியே விடுங்கள்.